கேனுலா போட்ட இடம் கயிறுபோல் தடிப்பது ஏன்?

கேள்வி: நிமோனியாவுக்காக என் தாயார் ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். கையில் கேனுலா போட்டு மருந்து செலுத்தினார்கள். மூன்றாம் நாள் அந்த இடம் எரிகிறது என்றார். மருந்து ஏறும்போது அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே சமாதானம் சொன்னோம். வீடு திரும்பிய மறுநாள் நரம்பு சிவந்து, கயிறுபோல் தடித்துவிட்டது. இது ஆபத்தானதா? தவிர்த்திருக்க முடியுமா?

பதில்: பேச்சுவழக்கில் நரம்பு என்று சொன்னாலும், கேனுலா போடப்படுவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை என்ற ரத்தக்குழாயில்தான். அதன் உட்சுவர் புண்பட்டுச் சிவந்து, சூடாகி, வலியுடன் வீங்குவதே சிரை அழற்சி. அது முற்றும்போது உள்ளே ரத்தம் உறைவதால், விரலால் தடவிப் பார்த்தால் கயிறுபோல் தட்டுப்படும். கேனுலாவை எடுத்த பின்னரும், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள், இது தலைகாட்டுவதுண்டு.

இதற்கு முதற்காரணம் உராய்வு. எஃகு ஊசியை உடனே உருவிவிடுவார்கள். உள்ளே தங்குவது மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டுமே. (ஊசி உள்ளேயே இருப்பதாக எண்ணிக் கையை அசைக்க அஞ்சும் நோயாளிகளைப் பார்க்கும்போது, இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று வருந்துவேன்.) அந்தக் குழாய் சிரைக்குப் பொருந்தாத அளவில் பருத்திருந்தாலோ, மணிக்கட்டு, முழங்கை மடிப்பு போன்ற இடங்களில் இருந்தாலோ, கையை மடக்கும்போதெல்லாம் அதன் நுனி உட்சுவரை உரசும். ஆகவே பெரியவர்களுக்கு முன்கையின் நடுப்பகுதியே ஏற்ற இடம். வழக்கமான மருந்துகளுக்கு இளஞ்சிவப்பு நிற 20ஆம் எண் அல்லது நீல நிற 22ஆம் எண் கேனுலா போதுமானது. எண் கூடக்கூடக் குழாய் மெலியும்.

மருந்தே சிரையை எரிப்பது இரண்டாவது காரணம். பொட்டாசியம் குளோரைடு, வான்கோமைசின், அமியோடரோன், அடர்த்தி மிகுந்த டெக்ஸ்ட்ரோஸ் ஆகியவற்றைப் போதிய அளவு நீர்க்கச் செய்து மெதுவாகச் செலுத்த வேண்டும். மூன்றாவது, கிருமித்தொற்று. ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தபின் அது தானாக உலர வேண்டும்; துடைத்த இடத்தை மீண்டும் விரலால் தொட்டுப் பார்த்தால் துடைத்த பயனே போய்விடும்.

முன்பெல்லாம் 72 முதல் 96 மணி நேரத்துக்கு ஒருமுறை கேனுலாவை மாற்றுவது வழக்கம். பெரியவர்களுக்கு அறிகுறி தென்பட்டால் மாற்றினால் போதும் என்ற முறையும் இப்போது ஏற்கப்படுகிறது. ஆனால் அந்த இடத்தை ஒவ்வொரு பணிநேரத்திலும் ஒருவர் கண்ணால் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்தால்தான் இம்முறை பாதுகாப்பானது. அதனால்தான் ஒளிபுகும் ஒட்டுத்துணியை விரும்புகிறோம். மாத்திரைக்கு மாறிய பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று கேனுலாவை விட்டுவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பயன்படாத கேனுலா கிருமிக்குத் திறந்துவைத்த வாசல்.

உங்கள் தாயார் எரிகிறது என்று சொன்னபோதே செவிலியரை அழைத்துக் காட்டியிருந்தால், கேனுலாவை எடுத்து வேறு கையில் போட்டிருப்பார்கள். பாதிப்பும் அதோடு நின்றிருக்க வாய்ப்புண்டு. இனி யாருக்குக் கேனுலா போட்டாலும் வலி, எரிச்சல், ஈரக்கசிவு எது தெரிந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

இப்போதைக்கு, கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, வெதுவெதுப்பான ஈரத்துணியால் நாளுக்கு மூன்று நான்கு முறை, சுமார் இருபது நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். வலிக்கான களிம்பையோ மாத்திரையையோ மருத்துவரைக் கேட்டே பயன்படுத்துங்கள். சிவப்பும் வலியும் சில நாட்களில் தணியும். தடிப்பு கரையச் சில வாரங்கள் ஆகலாம். குளிருடன் காய்ச்சல், ஊசி போட்ட துளையில் சீழ், மேல்நோக்கிப் பரவும் சிவப்பு, கை முழுவதும் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரத்தத்தில் கிருமி கலந்திருக்கிறதா, ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும்.