வெளிறும் தங்கமீனுக்குக் கடல் பாக்டீரியா நிறமி தரலாமா?

கேள்வி: தோவாளை பக்கம் ஆறு சிமெண்ட் தொட்டிகளில் தங்கமீன் வளர்க்கிறேன். நல்ல ஆரஞ்சாக இருந்த குஞ்சுகள் மூன்றே மாதத்தில் வெளிறிவிட்டன. கடல் பாக்டீரியா நிறமி சேர்த்த தீவனம் போடச் சொல்கிறார்கள், விலை கட்டுப்படியாகவில்லை. மணக்குடியில் கடல் தண்ணீர் எடுத்துவந்து அந்தப் பாக்டீரியாவை நாமே வளர்க்க முடியுமா?

பதில்: வணக்கம். கடல் தண்ணீர் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு குடம் தண்ணீரில் நிறமி செய்யும் பாக்டீரியாவும் இருக்கும், நோய் தரும் விப்ரியோவும் இருக்கும். நிறத்தைப் பார்த்துப் பிரிக்கவும் முடியாது. இறால் பண்ணைக்காரர்கள் ‘மஞ்சள் விப்ரியோ’ என்பார்களே, அந்த மஞ்சள் பாக்டீரியாவின் நிறமியே இல்லை. பாக்டீரியா வளர்க்கும் சோதனைத் தட்டில் இருக்கும் சர்க்கரையை அது புளிக்க வைப்பதால் தட்டு அப்படி மாறுகிறது.

ஆனால் உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. கடலின் மேல்மட்டத்தில் வெயில் நேராக அடிக்கும். அந்த வெளிச்சத்தால் வரும் கேட்டிலிருந்து தப்பிக்கப் பல பாக்டீரியாக்கள் தம் சவ்வில் கரோட்டினாய்டு நிறமியைச் சேர்த்துக்கொள்கின்றன. பாக்டீரியா முதலில் 20 கரியணு (கார்பன் அணு) உள்ள இரண்டு துண்டுகளை ஒட்டி 40 கரியணுச் சங்கிலி ஒன்றைச் செய்யும். அதற்கு நிறமே கிடையாது. ஹைட்ரஜனைக் கழற்றக் கழற்ற இரட்டைப் பிணைப்புகள் கூடி மஞ்சளாகி, கடைசியில் தக்காளிச் சிவப்பான லைகோபீன் வரும். அதன் இரு முனைகளையும் வளையமாக மடித்தால் கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின். அதில் ஆக்சிஜன் ஏறினால் மீனுக்குச் சிவப்பு தரும் அஸ்டாக்சாந்தின். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் ஒரு கடல் பாக்டீரியாவில் இந்த வேலைக்கான ஐந்து மரபணுக்களை வரிசைப்படுத்திக் காட்டினார்கள்.

மீனால் இந்த நிறமியை அடியிலிருந்து செய்ய முடியாது. தின்றுதான் சேர்க்க வேண்டும். உங்கள் மீன் வெளிறியதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது தீவனத்தைத்தான். சில மீன்கள் பரம்பரையாகவே வெள்ளையாகும், அவற்றுக்கு மருந்தில்லை.

செலவு குறைந்த வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பச்சை இறாலை வெந்நீரில் போட்டதும் குபீரென்று சிவக்கிறதே, அது ஓட்டில் புரதத்தோடு கட்டுண்டு கிடந்த அஸ்டாக்சாந்தின். கூனி என்னும் குட்டி இறாலிலும் அதுதான். காய்ந்த கூனியை உப்புப் போக அலசி, உலர்த்தி, பொடித்துத் தீவனத்தில் சேருங்கள். தோவாளைச் சந்தையில் சிவப்பு கேந்தி வாங்கி, இதழை மட்டும் நிழலில் காயவைத்துப் பொடித்து, கிலோ தீவனத்துக்கு 20 கிராம் கலக்கலாம். அதில் இருக்கும் லூட்டின் என்ற மஞ்சள் நிறமியையும் தங்கமீனின் உடல் ஓரளவு சிவப்பாக மாற்றிக்கொள்ளும். பூவுக்கு மருந்து அடித்தார்களா என்று கேட்டு வாங்குங்கள், இது முக்கியம். பொடியை வெயில் படாத மூடிய டப்பாவில் வையுங்கள், வெளிச்சத்தில் நிறமி கெட்டுவிடும்.

அப்புறம், தொட்டியின் உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் மீனும் தன் நிறத்தை ஒடுக்கிக்கொள்ளும். சுவரில் பாசி கொஞ்சம் படியட்டும், தேய்த்துக் கழுவாதீர்கள்.

ஒரு தொட்டிக்கு மட்டும் பழைய தீவனத்தையே போடுங்கள். நான்கு வாரம் கழித்து அதிலிருந்து ஒரு மீனையும் புதுத் தீவனம் தின்ற ஒரு மீனையும் ஒரே பேசினில் விட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.