மூன்று வாரம் ஆகிவிட்டது, எச்.ஐ.வி டெஸ்ட் எங்கே எடுப்பது?

இங்கிலாந்துக்குப் படிக்க வந்து இரண்டு மாதமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மூன்று வாரத்துக்கு முன் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டுவிட்டேன். எச்.ஐ.வி டெஸ்ட் எங்கே எடுப்பது? ஜிபிக்கு (இங்குள்ள குடும்ப டாக்டருக்கு) தெரிந்துவிடுமா? விசாவில் கை வைப்பார்களா?"

விசா பயத்தை முதலில் இறக்கி வையுங்கள் தம்பி. கிளம்பும் முன் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னது காசநோய்க்காக. விசாவுக்கு எச்.ஐ.வி டெஸ்ட்டை இந்த நாடு கேட்பதில்லை. அது இருக்கிறது என்பதற்காக விசாவை மறுப்பதும் இல்லை. வளைகுடா மெடிக்கல் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதை நம்பவே நாளாயிற்று.

போக வேண்டிய இடம் செக்ஷுவல் ஹெல்த் கிளினிக், அதாவது பாலியல் நலம் பார்க்கும் கிளினிக். ஜிபியிடம் பதிந்திருக்க வேண்டாம், கடிதம் வேண்டாம், காசும் இல்லை. நீங்கள் சம்மதிக்காமல் ஜிபிக்குச் சொல்ல மாட்டார்கள். நான் முதல்முறை போனபோது தலையைக் குனிந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். யாருடன், எப்படி, ஆணுறை போட்டீர்களா என்பதையெல்லாம் நர்ஸ் முகவரி கேட்கிற குரலில் கேட்டு எழுதிக்கொண்டார். ஆங்கிலம் தடுமாறினால் போனில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். தெரிந்தவரைத் துணைக்கு அழைத்துப் போகாதீர்கள், நம்மவர் வட்டம் ரொம்பச் சின்னது.

நேரில் போகக் கூச்சமா? கிட் வாங்கி வீட்டிலேயே செய்யலாம். அதில் இரண்டு வகை, பலரும் குழம்புவது இங்கேதான். ஒன்றில் விரல் ரத்தத்தைத் தபாலில் லேபுக்கு அனுப்ப வேண்டும், முடிவு பிறகு வரும். இன்னொன்றில் கொஞ்ச நேரத்தில் நீங்களே முடிவைப் பார்த்துவிடலாம். தபால் வகையில் ஒரு குட்டிக் குப்பியைக் கோடு வரை நிரப்ப வேண்டும். எனக்கு ஏழெட்டுச் சொட்டோடு நின்றுபோய், 'ரத்தம் போதவில்லை' என்று பதில் வந்தது. அடுத்த தடவை கையை வெதுவெதுப்பான நீரில் வைத்து, நின்றுகொண்டு, விரல் நுனியின் ஓரத்தில் குத்தி, கையைத் தொங்கவிட்டேன். நிரம்பிவிட்டது.

சரி, உங்கள் மூன்று வாரக் கணக்குக்கு வருவோம். கிளினிக்கில் கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்க்கும் நான்காம் தலைமுறை டெஸ்ட், கிருமியின் பி24 புரதத்தையும் அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்தே தேடும். சம்பவம் நடந்து 45 நாள் கழித்து எடுத்தால் அதன் நெகட்டிவை நம்பலாம். நீங்களே முடிவு பார்க்கும் கிட்டுக்கு 90 நாள் காத்திருக்க வேண்டும். இப்போதே ஒன்று எடுங்கள், ஆனால் நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிடாமல் 45 தாண்டி மறுபடி எடுங்கள். வீட்டுக் கிட் பாசிட்டிவ் காட்டினால் அது முடிவல்ல, கிளினிக்கில் உறுதிசெய்த பிறகுதான் பேச்சு. உறுதியானாலும் இங்கிலாந்தில் சிகிச்சை இலவசம். 2012 அக்டோபரிலிருந்து எந்த விசா என்று பார்ப்பதில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உறவின் மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது.

உங்களுக்குக் காலம் கடந்துவிட்டது, இருந்தாலும் தெரிந்திருக்கட்டும்: சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் போனால், தேவைப்படுபவர்களுக்குத் தொற்று பிடிக்காமல் தடுக்கும் 'பெப்' மாத்திரையை 28 நாளுக்குக் கொடுப்பார்கள். கிளினிக் மூடியிருந்தால் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

இன்று 21-ஆம் நாள் என்றால் இன்னும் 24 நாள். காலண்டரில் குறித்துவைத்து, அந்த வாரத்துக்கே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள். அதுவரை ஆணுறை இல்லாமல் வேண்டாம்.