நின்றால் மட்டும் குளிராத கேரவன் ஃபிரிட்ஜ்

முதலில் கேரவனை, அதாவது காரில் இழுத்துப் போகும் வீட்டு வண்டியை, மட்டமாக நிறுத்துங்கள். வண்டி ஓடும்போது ஃபிரிட்ஜ் குளிர்கிறது, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மில்லா மில்லா அருவிப் பக்கம் பண்ணைச் சரிவில் நிறுத்தி கேஸுக்கு மாற்றினால் குளிரவில்லை என்கிறீர்கள். சாய்வுதான் காரணமாக இருக்கும். கேஸிலும் ஓடும் இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியாக் கரைசல் தன் எடையாலேயே குழாய்களில் இறங்கி வர வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் தேங்கிவிடும். ஓட்டத்தில் ஆடிக்கொண்டே இருப்பதால் தேங்காது.

ஃப்ரீசர் தரையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். அப்புறம் ஆறேழு மணி நேரம் பொறுங்கள், மெதுவாகத்தான் குளிரும். அதுவரை கேரவனைக் கழற்றி வைத்துவிட்டு, காரில் சில்லி, எல்லிஞ்சா அருவிகளைப் பார்த்து வாருங்கள், அவ்வளவு அழகு!

அம்மோனியா நெடி அடித்தால் மட்டும் உடனே அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அது கசிவு, மட்டம் பார்த்துச் சரியாகாது.