தோள் வலியும் தாழ்ந்த இமையும்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு நாலு மாதமாக இடது தோளில் வலி, சுண்டுவிரல் வரை மரத்துப்போகிறது. டாக்டரிடம் காட்டினோம். அவர் இடது கண்ணையே உற்றுப் பார்த்தார். இமை இறங்கியிருக்கிறது என்று சொல்லி நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எழுதினார். தோளுக்கும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? அவசியம் எடுக்க வேண்டுமா?

ஒரு வாசகர், பாம்பன்

அன்புள்ள தம்பி,

எடுங்கள். இந்த வாரமே.

கண் பாப்பாவை விரித்து, இமையைச் சற்றே தூக்கிப் பிடிக்கும் பரிவு நரம்பு (நாம் நினைக்காமலே தானாக வேலை செய்யும் நரம்பு) மூளையிலிருந்து நேரே கண்ணுக்கு வருவதில்லை. தண்டுவடத்துக்குள் நெஞ்சின் மேற்பகுதி வரை இறங்கி, முதல் மார்பு நரம்போடு வெளியே வருகிறது. நுரையீரலின் உச்சியை ஒட்டி வளைந்து, திரும்பக் கழுத்தில் ஏறி, தலைக்குப் போகும் ரத்தக்குழாயைப் பற்றிக்கொண்டு கண்ணை அடைகிறது. கையின் வியர்வையையும் ரத்தக்குழாய்களையும் ஆளும் பரிவு நரம்புகள் அதற்குச் சற்றுக் கீழே புறப்பட்டாலும், அவையும் முதல் விலா எலும்பருகே இருக்கும் நட்சத்திர முடிச்சு என்ற நரம்பு முடிச்சு வழியாகத்தான் கைக்குப் போகின்றன. சுண்டுவிரலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேர்களும் அங்கேதான். வடகடலிலிருந்து தென்கடலுக்குப் போகிற படகெல்லாம் உங்கள் ஊர்ப் பாலத்தடியில் நுழைவது போல.

அந்த இடுக்கில் கட்டி வளர்ந்தால் கண், கை இரண்டும் பாதிக்கும். பான்கோஸ்ட் என்ற அமெரிக்க எக்ஸ்ரே மருத்துவர் 1932இல் இதை விரிவாக எழுதினார். கண்ணில் தெரியும் மாற்றங்களை சுவிஸ் கண் மருத்துவர் ஹார்னர் 1869இலேயே விவரித்திருந்தார்.

என் பெரியப்பா கரைவலை இழுப்பவர், பீடியை விடாதவர். உச்சி வெயிலில் வலை இழுக்கும்போது அவர் முகத்தின் வலப்பக்கம் வியர்வை ஒழுகும், இடப்பக்கம் உலர்ந்து கிடக்கும். நாங்கள் கடற்காற்று என்று நினைத்தோம். இறங்கிய இமைக்குச் சொட்டு மருந்து, தோளுக்குத் தைலம் என்று ஆறு மாதம் போய்விட்டது. அந்த ஆறு மாதம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

உங்கள் டாக்டர் கண்ணைப் பார்த்தது நல்ல வைத்தியம். எல்லாமே புற்றுநோய் என்று பயப்படாதீர்கள், அடிபட்டாலும் இப்படி வரும். இரவில் விளக்கை மங்கலாக்கிப் பாருங்கள், இடது பாப்பா சின்னதாகவே இருக்கிறதா என்று. அப்பாவின் பீடிப் பழக்கம், பழைய காசநோய், தோளில் பட்ட அடி எதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று: திடீரென்று கழுத்திலோ தலையிலோ கடும் வலி வந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.