நுரையீரல் மறுபடி மறுபடி சுருங்குகிறதா? கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 22 வயது. வலப்பக்க நுரையீரல் இரண்டாவது முறையாகச் சுருங்கி, ட்யூப் போட்டிருக்கிறார்கள். ஆபரேஷன் அவசியமா?

பதில்: நுரையீரலிலிருந்து கசிந்த காற்று, அதற்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே சேர்ந்து அமுக்குவதால்தான் நுரையீரல் சுருங்குகிறது. ட்யூப் அந்தக் காற்றை எடுக்கும். கசிந்த இடத்தை ஒன்றும் செய்யாதம்மா. முதல் தடவை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் வருகிறது; இரண்டாவதுக்குப் பின் வாய்ப்பு இன்னும் கூடும். அதனால் அதே பக்கம் இரண்டாம் முறை என்றாலே ஆபரேஷன் பேச்சை எடுப்போம். ட்யூப் போட்டு ஐந்தாறு நாளாகியும் அதன் மறுமுனைப் பாட்டிலில் குமிழி நிற்கவில்லை, அதாவது கசிவு தொடர்கிறது என்றால், முதல் முறையிலேயே ஆபரேஷன் பேச்சை எடுப்பதும் உண்டு.

கேள்வி: நுரையீரலில் காற்று கசிகிற அந்தக் காற்றுக் கொப்புளத்தை வெட்டினால் போதாதா சார்? நெஞ்சுக்குள் உரசுவது, பவுடர் தூவுவதெல்லாம் எதற்கு?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு மூன்று சிறு துளைகள் வழியே கேமராவை விட்டு, பெரும்பாலும் நுரையீரலின் உச்சியில் இருக்கும் கொப்புளத்தை ஸ்டேப்ளரால் வெட்டி மூடுவோம். ஆனால் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத மெலிந்த இடங்கள் இருக்கலாம். நாளைக்கு அதில் ஒன்று உடையலாம். அதற்காகத்தான் நெஞ்சுச் சுவரின் உள் உறையைச் சொரசொரப்பான துணியால், ரத்தப் புள்ளிகள் தெரியும்வரை தேய்ப்பது. அல்லது மேல்பகுதி உறையை உரித்தெடுப்பது. அல்லது கிருமி நீக்கிய டால்க் பவுடரைத் தூவுவது. அந்த அழற்சியில் நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கொப்புளம் உடைந்தாலும் காற்று சேர இடமிருக்காது. என்னைக் கேட்டால், வெறும் வெட்டலோடு நிறுத்துவது அரைவேலை.

நெஞ்சைத் திறந்து செய்தால் திரும்ப வருவது நூற்றில் ஒருவர் அளவுதான். கேமரா முறையில் அது சற்றே அதிகம், ஆனால் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். பின்னாளில் அதே பக்கம் வேறு ஆபரேஷன் வந்தால், ஒட்ட வைத்த விவரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து ஒரு மாதமாகியும் மார்பில் மரத்த மாதிரி இருக்கிறது.

பதில்: விலா எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்பு நசுங்கியதால் வருவது. பெரும்பாலும் மெல்ல மெல்லக் குறையும். திடீரென மூச்சு வாங்கினால் மட்டும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எனக்கு மாதவிடாய் வரும்போதெல்லாம் வலப்பக்கம் இப்படி ஆகிறது. தற்செயலா டாக்டர்?

பதில்: இல்லைம்மா. கருப்பை உள்படலத் திசு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் வளர்ந்திருக்கலாம். மாதவிடாய் தொடங்கி மூன்று நாளுக்குள், அதிகமும் வலப்பக்கம் வருவது இதன் அடையாளம். இந்தத் தேதிக் கணக்கைச் சர்ஜனிடம் அவசியம் சொல்லுங்கள். அப்போதுதான் உதரவிதானத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுவார். கூடவே ஹார்மோன் சிகிச்சையும் தேவைப்படும்.

கேள்வி: சிகரெட் இல்லை அண்ணா, எப்போதாவது கஞ்சா மட்டும்.

பதில்: தம்பி, அதுவும் புகைதான். இரண்டுமே வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகும் இதில் சலுகை கிடையாது.

கேள்வி: விமானப் பயணம், ஸ்கூபா டைவிங்?

பதில்: நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது என்று எக்ஸ்ரே காட்டிய பிறகு, குறைந்தது ஒரு வாரம் கழித்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு பறக்கலாம். டைவிங் வேண்டாம். இரண்டு பக்கமும் உறையை உரித்தெடுத்து, டைவிங் மருத்துவ நிபுணரும் சம்மதித்தால் மட்டுமே அதைப் பற்றிப் பேசலாம்.