பி.எட். படிக்கும்போது வகுப்பறைக்கான இணையக் கருவிகளை எங்கிருந்து கற்கத் தொடங்கலாம்?

பி.எட். முதலாம் ஆண்டு படிப்பதாகவும், கல்லூரியில் இணையதளங்களின் நீண்ட பட்டியலைக் கொடுத்திருப்பதாகவும், அவற்றுள் எதை முதலில் கற்பது, இணைய வசதி குறைந்த பள்ளிக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டால் அவை பயன்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரையில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இயற்பியல் படித்துவிட்டு வந்தவள். மேலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 16 வாரக் கற்பித்தல் பயிற்சியை அண்மையில் முடித்தேன். அங்கே கற்றதைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். நீங்கள் நடத்தவிருக்கும் பாடங்களில் மாணவர்கள் ஆண்டுதோறும் தடுமாறும் ஓர் இடத்தை உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த ஓரிடத்துக்கு உதவும் ஒரே கருவியை முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். தேடி அலையவும் வேண்டாம். நம் மாநிலப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பக்கங்கள் கியூஆர் கோடுடன் இருக்கின்றன. அவற்றை நாம் பெரும்பாலும் புரட்டிக் கடந்துவிடுகிறோம். கணிதத்துக்கு ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளும், அறிவியலுக்கு ஃபெட் உருவகச் சோதனைகளும் (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்) அவற்றில் அடிக்கடி வரும். ஃபெட் என்பது, 2001ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். அதன் சோதனைகள் பல தமிழிலும் கிடைக்கின்றன.

எனக்கு வாய்த்தது பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல். தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு பல்புகளை இணைத்தால் முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடும், ஆகவே இரண்டாவது மங்கலாக எரியும் என்ற எண்ணம் மாணவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கும் என்று வழிகாட்டி ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார். ஃபெட் தளத்தின் மின்சுற்றுச் சோதனையில் மின்கலம், கம்பி, பல்பு ஆகியவற்றை இழுத்து இணைத்து, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்பும் பின்பும் வைத்தால் ஒரே அளவைத்தான் காட்டும். ஆனால் அதை எடுத்தவுடன் திரையில் காட்டிவிட்டால் மாணவர்கள் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். முதல் வகுப்பில் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அடுத்த பிரிவில், திரையை மறைத்துவிட்டு, எந்தப் பல்பு அதிக ஒளியுடன் எரியும் என்பதை ஒவ்வொருவரும் காரணத்துடன் நோட்டில் எழுதும்படி கேட்டேன். பாதிக்கு மேற்பட்டோர் முதல் பல்பு என்றே எழுதினார்கள். அதன் பிறகு சுற்றை இயக்கியபோது வகுப்பில் எழுந்த சலசலப்பு, தாம் எழுதியது பொய்த்ததைக் கண்ட பிள்ளைகளின் சலசலப்பு.

அதோடு நிறுத்தாமல், எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய இரண்டு டார்ச் பல்புகளையும் மூன்று 1.5 வோல்ட் மின்கலங்களையும் மேசைமேல் வைத்து அதே சுற்றை அமைத்தேன். ஒரு பல்பு மற்றதைவிடத் தெளிவாகக் கூடுதல் ஒளியுடன் எரிந்தது. “மிஸ், கம்ப்யூட்டர்ல ரெண்டும் ஒண்ணா எரிஞ்சுச்சு, இங்க இது மட்டும் கூட எரியுதே?” என்று முன்வரிசை மாணவி கேட்டாள். ஒரு கணம் திகைத்தேன். பிறகு பல்புகளை இடம் மாற்றிப் பொருத்தும்படி அவளிடமே கொடுத்தேன். ஒளி கூடுதலாக இருந்தது இடத்தைப் பொறுத்ததன்று, அந்தப் பல்பைப் பொறுத்தது என்பது மாற்றியவுடன் தெரிந்துவிட்டது. திரையில் உள்ள இரு பல்புகளும் மின்தடையில் துல்லியமாக ஒத்தவை. கடையில் வாங்கியவை அப்படி அமைவதில்லை. நான் தயாரித்துச் சென்ற பாடக் குறிப்பில் இந்தப் பத்து நிமிடம் இல்லை. ஆனால் அந்த 16 வாரங்களில் நான் நடத்தியவற்றுள் மிகச் சிறந்த பகுதி அதுவே என்று நம்புகிறேன். அதனால்தான், உருவகச் சோதனையை உண்மைச் சோதனைக்கு மாற்றாக வைக்காமல் அதன் பக்கத்தில் வைக்குமாறு உங்களை வேண்டுகிறேன். திரையில் எலக்ட்ரான்கள் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் ஓடுவதும் விளக்கத்துக்காக மட்டுமே. வழக்கமான செம்புக் கம்பியில் அவற்றின் சராசரி நகர்வு நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதையும், அப்படியிருந்தும் சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரியக் காரணம் கம்பி முழுவதும் மின்புலம் மிக விரைவாகப் பரவுவதே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இணையம் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. பள்ளியில் கணினிகள் கொண்ட உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருந்தாலும் எல்லா வகுப்புகளும் அதற்கு வரிசையில் நிற்கும். நான் காலையிலேயே கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் அந்தப் பக்கத்தை மடிக்கணினியில் திறந்து வைத்துவிடுவேன். முழுமையாகத் திறந்த பின் இணைப்பு போனாலும், பக்கத்தை மூடாதவரை சோதனை இயங்கும். மின்சாரமும் இல்லாத நாளுக்கு, சுற்றுப்படத்தை வரைந்த ஒரு சார்ட் போதும். ஊகித்து எழுதும் கேள்விக்கு மின்சாரம் தேவையில்லை.

மாணவர்களிடம் கைப்பேசி இல்லாத வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது பிளிக்கர்ஸ் என்ற வினாடி வினாச் செயலி. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண்ணிட்ட அட்டை. அதை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார் என்பதே அவருடைய விடை. ஆசிரியரின் கைப்பேசிக் கேமரா மட்டும் வகுப்பைச் சுற்றிப் பார்த்து விடைகளைப் பதிந்துகொள்ளும். அட்டையில் அச்சிட்ட கட்ட வடிவம் அட்டைக்கு அட்டை வேறுபடுவதால் அடுத்தவரைப் பார்த்து மாற்றிப் பிடிக்க முடியாது. கை தூக்கத் தயங்கும் பிள்ளைகள் இதில் தயங்காமல் விடையளித்ததைக் கண்டேன். பளபளப்பான லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், சன்னல் வெளிச்சம் பட்டுக் கேமராவுக்குத் தெரியாமல் போகிறது. விரல்கள் கட்டங்களை மறைக்காமல் ஓரத்தில் பிடிக்கவும் பழக்க வேண்டும்.

கூகுள் ஃபார்மில் தேர்வு வைப்பதாக இருந்தால் ஒரு சிறிய எச்சரிக்கை. பள்ளியில் கிடைக்கும் பழைய வினாத்தாள்கள் யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கலாம்; ஒட்டியவுடன் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக மாறிவிடும். எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்கிய பிறகும், ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

கடைசியாக, மாணவர்களின் பெயர்களை எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலையும் கோருகிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பயிற்சிக்கு வந்துபோகும் நமக்கு அந்தப் பிள்ளைகளின் விவரங்களைத் தனியார் தளத்தில் விட்டுச்செல்லும் உரிமை கிடையாது. நான் வகுப்பு எண்களை மட்டுமே பதிந்தேன். எந்த எண் யாருடையது என்ற தாளை வழிகாட்டி ஆசிரியையின் மேசையிலேயே வைத்திருந்து, கடைசி நாளன்று மதிப்பெண் பதிவேட்டுடன் அவரிடமே ஒப்படைத்துவிட்டு வந்தேன்.