பெட்டியில் கிடைத்த டிராவல் பக்

கேள்வி: ஜியோகேஷ் பெட்டி (ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்காக ஒளித்துவைத்த பெட்டி) ஒன்றில் எண் பொறித்த உலோகத் தகடு கோத்த பொம்மை இருந்தது. எடுக்கலாமா? பதிலுக்கு ஏதாவது வைக்க வேண்டுமா?

பதில்: அது டிராவல் பக். பெட்டிக்குப் பெட்டி பயணம் போவதற்காகவே விடப்பட்டது. பரிசுப் பொருள் அல்ல. பதிலுக்கு எதுவும் வைக்கத் தேவையில்லை. ஆனால் எடுத்தால் நகர்த்தியே ஆக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் வேறு பெட்டியில் வைக்க முடியாதென்றால், எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, 'பார்த்தேன்' என்று ஜியோகேஷிங் இணையதளத்தில் பதிந்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். எடுக்குமுன், தளத்தில் அதற்குரிய பக்கத்தில் உரிமையாளர் எழுதிய இலக்கைப் படியுங்கள். வடக்கே போக விரும்பும் பொருளைத் தெற்கே கொண்டுபோவது அவரை வருத்தும்.

தகட்டில் உள்ள எண் ரகசியம். படத்திலோ பதிவிலோ அது தெரிந்தால், பொருளைக் கண்ணால் பார்க்காதவர்களும் பதிவு போடுவார்கள். பயண வரலாறே குழம்பிவிடும். தளத்தில் அதன் பக்கத்தில் உள்ள, டிபி (TB) என்று தொடங்கும் எண்தான் வெளியில் சொல்லக்கூடியது.

தளத்தில் பெட்டியின் பட்டியலில் அந்தப் பொருள் இல்லையா? முன்பு வைத்தவர் இன்னும் பதியவில்லை என்று பொருள். சில நாள் பொறுங்கள். உடனே உங்கள் பெயருக்கு மாற்றினால், அவர் வைத்த பெட்டி பயணக் கணக்கில் விட்டுப்போகும்.

கேள்வி: பெட்டியில் கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் பதிவுத்தாள் ஈரமாக இருந்தால்?

பதில்: பென்சிலால் எழுதுங்கள், மை கரையும். சுருட்டி ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள். பையின் ஓரம் மூடிக்கிடையில் சிக்கினால் மறுபடி தண்ணீர் புகும். பெட்டிக்குப் பராமரிப்பு தேவை என்றும் தளத்தில் பதிந்துவிடுங்கள். தின்பண்டம் மட்டும் வைக்கவே வேண்டாம்: வாசனைக்கு விலங்குகள் பெட்டியையே கடித்துக் குதறிவிடும்.